கேட்டுப் பெறுதலும் எடுத்துக் கொள்ளுதலும்

ஒரு மலை இருக்கிறது. அதன் உச்சியிலே அலுமினியம் செய்வதற்குரிய தாதுமண் அடுக்கடுக்காய்ப் படிந்து கிடக்கிறது. அதன் சரிவுகளிலே ஒரு சிறு மக்கட்கூட்டம் தலைமுறை தலைமுறையாய்ப் புனம் வெட்டித் தினை விதைத்துச் சுனைநீர் பருகி வாழ்ந்து வருகிறது. நாட்டிற்கு அலுமினியம் வேண்டும். அரசாங்கம் அதனை எடுக்க முற்படுகிறது. மலைமேல் வாழ்வோர் 'தரமாட்டோம்' என்கின்றனர். இந்நிலையில் அறம் எவர் பக்கம் நிற்கின்றது? சட்டம் கற்றோர் இவ்வினாவை ஒருவிதமாக ஆராய்வர். பொருளியல் கற்றோர் வேறுவிதமாக ஆராய்வர். அவர்தம் ஆராய்ச்சிகளை நாம் தள்ளவேண்டுவதில்லை. ஆயினும் எல்லோருக்கும் பொதுவான அறத்தை அளவுகோலாகக் கொண்டு, ஈண்டு இதனைச் சற்று நிதானமாய்ச் சிந்திப்போமாக.

இது கற்பனையாய்ப் புனைந்த வினாவன்று. நம் நாட்டின் இரும்பும் நிலக்கரியும் பாக்சைட்டும் பெரும்பாலும் ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் முதலிய மாநிலங்களின் மலைக்காடுகளிலேயே உள்ளன. அக்காடுகளிலேயே பழங்குடி மக்களும் உள்ளனர். 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியப் பழங்குடியினர் சுமார் 10.4 கோடி; மொத்த மக்களில் 8.6 விழுக்காட்டினர். அணை, சுரங்கம், தொழிற்சாலை ஆகியவற்றின் பொருட்டு விடுதலைக்குப் பின் இடம்விட்டுப் பெயர்க்கப்பட்டவர்களிலோ ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் இவர்களே என்பது பலமுறை எடுத்துரைக்கப்பட்ட மதிப்பீடு. நூற்றில் ஒன்பது பேருக்கும் குறைவானவர்கள் நூற்றில் நாற்பது பங்குச் சுமையைச் சுமந்திருக்கின்றனர். இவ்விரண்டு எண்களையும் வாசகர் நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வாராக.

முதலில் சொற்களைத் தெளிவு செய்து கொள்வோம். பிறரிடம் ஒன்றை வேண்டுதற்குரிய சொற்களாக ஈ, தா, கொடு என்னும் மூன்றைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வகுத்துள்ளார். தாழ்ந்தவன் உயர்ந்தவனை வேண்டும்போது 'ஈ' என்பான். ஒத்தவன் ஒத்தவனிடம் 'தா' என்பான். உயர்ந்தவன் தாழ்ந்தவனை நோக்கிக் 'கொடு' என்பான். மனிதருள் உயர்வு தாழ்வு கற்பிக்கும் பாகுபாட்டை நாம் ஏற்பவரல்லோம். எனினும் அம்மூன்று சொற்களுக்கும் பொதுவான ஓர் உண்மையைக் காண்க. மூன்றுமே கேட்கும் சொற்கள். மன்னனே ஆயினும் 'கொடு' என்று சொல்லும் அக்கணத்தில், பொருள் தன் கையில் இல்லை, எதிரில் நிற்பவன் கையில் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறான். அக்கை திறந்தாலன்றிப் பொருள் வாராது. 'எடு' என்னும் சொல்லோ இவ்வரிசையில் இல்லை. எடுப்பவனுக்கு எதிரில் ஒருவன் நிற்கவேண்டிய அவசியமே இல்லையன்றோ?

நாம் நாள்தோறும் மேற்கொள்ளும் ஐந்து சீலங்களுள் இரண்டாவதனைக் 'களவு செய்யாமை' என்று சுருங்கச் சொல்லுதல் வழக்கம். ஆனால் பாலிமொழியிலுள்ள சொல் 'அதின்னாதானம்' என்பதாகும். அதின்னம் என்பது கொடுக்கப்படாதது. ஆதானம் என்பது எடுத்துக் கொள்ளுதல். கொடுக்கப்படாததை எடுத்துக் கொள்ளாமையே அச்சீலம். எடுப்பவன் கள்வனா, கனவானா, அரசனா என்று அச்சொல் வினவவில்லை. எடுத்த பொருளுக்கு விலை வைத்தானா இல்லையா என்றும் வினவவில்லை. 'கொடுக்கப்பட்டதா?' என்னும் ஒன்றையே வினவுகிறது. மலையைப் பற்றிய நம் கேள்விக்கும் இதுவே சரியான உரைகல் என்பது என் துணிபு.

இனி, மெய்யாய் நடந்த ஒரு வரலாற்றை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். ஒடிசா மாநிலத்தில் ராயகடா, கலாஹாண்டி என்னும் இரு மாவட்டங்களில் நியமகிரி என்னும் மலைத்தொடர் உள்ளது. அங்கு வாழும் டோங்கிரியா கோந்தர் எண்ணாயிரம் பேர் அளவினர். அவர்கள் பேசும் கூவி மொழி திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது; அவ்வகையில் தமிழுக்குத் தூரத்து உறவினது. மஞ்சள், அன்னாசி, பலா, சிறுதானியங்கள் ஆகியன அவர்தம் விளைபொருள்கள். மலையுச்சியை நியமராஜா என்னும் தம் தெய்வத்தின் இருப்பிடமாகக் கருதி, அங்கே மரம் வெட்டாமல் விட்டு வைத்திருக்கின்றனர். அவ்வுச்சியிலேதான் சுமார் ஏழு கோடி டன் பாக்சைட் இருப்பதாகக் கணக்கிடப்பட்டது.

மலையடிவாரத்திலுள்ள லாஞ்சிகரில் வேதாந்தா கம்பெனி ஓர் அலுமினா ஆலையை எழுப்பிற்று. 2004-ஆம் ஆண்டில் ஆலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. மலையை வெட்டுவதற்கான அனுமதி அப்பொழுது கிடைத்திருக்கவில்லை. அடுப்பை மூட்டி உலையை ஏற்றிவிட்டு, அடுத்த வீட்டுக்காரனை நோக்கி, 'அரிசி உன் வீட்டிலிருந்துதான் வரவேண்டும். தராவிட்டால் என் விறகு வீணாகும்' என்று சொல்வதற்கு இது ஒப்பாகும். மலையை வெட்டித் தாது தரவேண்டியது ஒடிசா அரசாங்கத்தின் சொந்த நிறுவனமாகிய ஒடிசா சுரங்கக் கழகம். 2008-இல் உச்ச நீதிமன்றம் சில நிபந்தனைகளோடு வழிவிட்டது. பின்னர் சக்சேனா குழுவின் அறிக்கையைப் பெற்ற மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2010 ஆகஸ்டில் வன அனுமதியை மறுத்தது. மாநிலத்தின் சுரங்கக் கழகம் அதனை எதிர்த்து வழக்கிட்டது.

2013 ஏப்ரல் 18-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கில் தீர்ப்புக் கூறியது. மலைமக்களின் உரிமைகளையும் வழிபாட்டையும் பற்றிய கேள்விகளை அவர்களுடைய கிராம சபைகளின் முன்னே வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். மாநில அரசாங்கம் பன்னிரண்டு சிற்றூர்களைத் தேர்ந்தெடுத்தது. அவ்வாண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலும் மாவட்ட நீதிபதி ஒருவர் முன்னிலையில் அவ்வூர்கள் ஒவ்வொன்றாய்க் கூடின. பன்னிரண்டு ஊர்களும் 'இல்லை' என்றே உரைத்தன. 2014 ஜனவரியில் அமைச்சகம் அம்முடிவை ஏற்று அனுமதியை மறுத்தது. 2016-இல் மீண்டும் ஒருமுறை ஊர்களைக் கூட்ட வழிகேட்டு மாநிலம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை.

அன்பர்களே, இதில் நாம் கவனிக்க வேண்டியது யாது? அம்மக்கள் வென்றனர் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அவர்கள் கேட்கப்பட்டனர் என்பதே பெரிது. நீதிமன்றத்தின் கட்டளையால், 'கொடு' என்னும் சொல் 'தா' என்னும் சொல்லாய் மாறிற்று. ஒத்தவனிடம் கேட்பதுபோல் ஒரு பேரரசு எண்ணாயிரம் பேரிடம் கேட்க நேர்ந்தது. 'இல்லை' என்ற பின்னரும் நாடு குலைந்து விடவில்லை. லாஞ்சிகர் ஆலையும் பிற இடங்களிலிருந்து தாது வருவித்து இயங்கி வருகிறது.

இதற்கு எதிராய்க் கூறப்படும் நியாயங்கள் சில உள. அவற்றை அலட்சியமாய்த் தள்ளுதல் முறையன்று. ஒவ்வொன்றாய் எடுத்து ஆராய்வோம்.

முதலாவது நியாயம்: பூமிக்கு அடியிலுள்ள செல்வம் யாவும் அரசாங்கத்தின் உடைமை, ஆதலின் எவரையும் கேட்க வேண்டியதில்லை என்பது. இது மெத்தப் படித்தவரிடையேயும் வேரூன்றிய எண்ணம். ஆனால் கேரளத்து மலபார் நிலவுடைமையாளர் தொடுத்த வழக்கொன்றில், 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியது வேறு. நிலத்தடிக் கனிவளம் முழுவதும் அரசுக்கே உரியது என்று விளம்பும் சட்டம் எதுவும் இல்லை. முறையான சட்டவழியில் பறிக்கப்பட்டாலன்றி, மேல்நிலம் எவருடையதோ கீழ்வளமும் இயல்பாய் அவருடையதே என்று அந்நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கனிகளை வெட்டுவதை ஒழுங்குசெய்யும் அதிகாரம் அரசுக்கு உண்டு. வண்டிகளை நிறுத்திச் சோதிக்கும் காவலருக்கு வண்டிகளெல்லாம் சொந்தமாகி விடுவதில்லை. ஒழுங்குசெய்யும் அதிகாரமும் உடைமையும் அவ்வாறே வெவ்வேறானவை.

'மலபாரில் நிலத்திற்குப் பட்டா இருந்தது. மலைக்காடோ அரசாங்க வனம்' என்று மறுமொழி வரும். அக்காடு அரசாங்க வனமானது எவ்வாறு? 1865, 1878, 1927 ஆகிய ஆண்டுகளில் வெள்ளையர் இயற்றிய வனச்சட்டங்களின் வழியே, மக்கள் வாழ்ந்துகொண்டிருந்த காடுகள் கோடு கிழித்து ஒதுக்கப்பட்டன. பட்டா என்பதையே அறியாதோர், பட்டா இல்லாத காரணத்தால், தம் இடத்திலேயே அத்துமீறியோர் ஆயினர். விடுதலை பெற்ற இந்தியாவும் அந்த ஏட்டையே தன் ஏடாகக் கொண்டது. 2006-இல் பாராளுமன்றம் இயற்றிய வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்வோர்க்கு வரலாற்று முறையில் அநீதி இழைக்கப்பட்டது என்று தன் முகவுரையிலேயே ஒப்புகிறது. ஆகவே 'இது அரசாங்க நிலம்' என்னும் விடை நம் கேள்வியை முடித்து வைப்பதில்லை. முன்பு ஒருநாள் கேளாமல் எடுத்ததைக் காட்டி, இன்றும் கேளாமல் எடுக்கலாம் என்று கூறுவதாகவே அமைகிறது.

இரண்டாவது நியாயம்: பலருடைய நன்மைக்காகச் சிலர் தியாகம் செய்யத்தான் வேண்டும் என்பது. எண்ணாயிரம் பேருக்காக நூற்று நாற்பது கோடிப் பேர் பொறுத்திருப்பதா என்று கேட்கின்றனர். கேள்வி வலிமையுடையதே. ஆனால் தியாகம் என்னும் சொல்லின் பொருளை நோக்குக. தன்னுடையதைத் தானே மனமுவந்து விடுதல் தியாகம். பிறனுடையதைப் பிடுங்கி, அவன் பெயரால் படைத்தலுக்குப் பலி என்றே பெயர். பலருடைய தேவை, கேட்பதற்கு நல்ல காரணமாகும். எடுப்பதற்கு உரிமைச் சீட்டு ஆகாது. மேலும், உண்மையிலேயே நாடு முழுவதும் தியாகம் செய்கிறதென்றால் சுமை எங்கும் பரவியிருக்க வேண்டும். 8.6 விழுக்காட்டினர் மீது 40 விழுக்காடு சுமை ஏறியிருப்பது, அவர்களுடைய 'இல்லை' என்னும் சொல்லுக்கு விலை குறைவு என்பதைத்தான் காட்டுகிறது. ஊரின் பொதுநன்மை என்று பேசப்பட்டபோதெல்லாம் அந்த ஊருக்குள் சேரி சேர்க்கப்பட்டதா என்பதை நம் வாசகருக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. பெரும்பான்மையின் பெயரைக் கேட்டு மயங்காதிருக்க நம் முன்னோர் பட்ட பாடே போதிய பாடமாகும்.

மூன்றாவது நியாயம்: இலவசமாகவா எடுக்கிறோம், நஷ்டஈடு தருகிறோமே என்பது. நஷ்டஈடு தருவது நன்றே. தராமலிருப்பதினும் ஆயிரம் மடங்கு நன்று. ஆனால் விலை என்பது இருவர் இசைந்தபோது பிறப்பது. 'விற்கிறாயா?' என்னும் வினாவுக்கு 'இல்லை' என்று சொல்ல வழியிருந்தால்தான் 'ஆம்' என்பதற்குப் பொருளுண்டு. ஆலைத் தொழிலாளர் இதனை நன்கு அறிவர். வாயிற்கதவைப் பூட்டி வைத்துக்கொண்டு, 'இன்னொரு ஷிப்டு நிற்கச் சம்மதமா?' என்று மேஸ்திரி கேட்டால், அதற்கு இரட்டைக் கூலி கொடுத்தாலும் அது சம்மதம் ஆகாது. கூலி கிடைத்தது என்பது உண்மை. கேட்கப்படவில்லை என்பதும் உண்மை. மேலும், நிலத்திற்கு விலை கட்டலாம். சுனைக்கும், சுற்றத்தார் ஒருசேர வாழும் வாழ்வுக்கும், முன்னோரைப் புதைத்த இடத்திற்கும் விலை கட்டுவது எங்ஙனம்? பணத்தைப் பெற்றுக்கொண்டு நகரத்து ஓரங்களில் கூலிகளாய்க் குடிசை போட்டவர்களின் கணக்கு எந்த நஷ்டஈட்டுப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

நான்காவது நியாயம்: மலைமக்கள் பேதையர், தம் நன்மையைத் தாமே அறியாதவர், அறிந்தவர் அவர்களுக்காக முடிவு செய்தல் வேண்டும் என்பது. அன்பர்களே, இச்சொல்லை எங்கோ கேட்டதுபோல் தோன்றவில்லையா? கோயில் வாயிலிலும் பள்ளிக்கூட வாயிலிலும் நம்மவரைத் தடுத்து நிறுத்தியோர் சொன்னதும் இதுவே. நியமகிரி மக்கள் கூறியவை பேதைமையின் சொற்களல்ல. உச்சியிலுள்ள அம்மண் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, கோடையிலும் ஓடைகளாய் விடுகின்றது என்பது அவர்கள் கண்டறிந்த உண்மை. வம்சதாரா ஆறும் அம்மலைப் பகுதியிலேயே பிறக்கின்றது. அரசியல் நிர்ணய சபையில் 1946 டிசம்பரில் ஜெய்பால் சிங் முண்டா எழுந்து பேசியதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். அவர் 1928-ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயத்தில் இந்திய ஹாக்கிக் குழுவின் தலைவராயிருந்தவர்; சோட்டா நாகபுரிப் பழங்குடி மக்களின் பிரதிநிதி. பழங்குடியினருக்கு ஜனநாயகத்தைக் கற்பிக்க வேண்டுவதில்லை, அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதே உண்டு என்பது அவர் பேச்சின் கருத்து. பன்னிரண்டு ஊர்கள் மரத்தடியில் கூடி ஒரே விடை உரைத்தபோது அக்கருத்து மெய்யாயிற்று.

நியமகிரியில் நிகழ்ந்தது எங்கும் நிகழ்ந்து விட்டதா எனில், இல்லை. சட்டத்தின் சொற்களிலேயே ஒரு பிளவு உள்ளது. 1996-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட, அட்டவணைப் பகுதிகளுக்கான பஞ்சாயத்துச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். மணல், கல் முதலிய சிறுகனிகளை வெட்டக் குத்தகை தருவதற்குக் கிராம சபையின் அல்லது பஞ்சாயத்தின் முன்பரிந்துரை கட்டாயம் என்கிறது அச்சட்டம். நிலம் எடுப்பதற்குக் 'கலந்தாலோசனை' போதும் என்கிறது. நிலக்கரி, பாக்சைட், இரும்பு ஆகிய பெருங்கனிகளைப் பற்றியோ வாய் திறக்கவில்லை. சிறிதளவு மணலுக்கு ஊராரின் சொல் வேண்டும். மலை முழுவதற்கும் வேண்டியதில்லை! கலந்தாலோசனையும் சம்மதமும் ஒன்றன்று. கலந்தாலோசனையில் கேட்பவன் காதைக் கொடுக்கிறான். முடிவைத் தன்னிடமே வைத்துக் கொள்கிறான்.

பழைய 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்திற்கு மாற்றாக 2013-இல் புதிய சட்டம் வந்தது. அட்டவணைப் பகுதிகளில் கிராம சபையின் முன்சம்மதம் வேண்டுமென்று அது விதித்தது. நல்ல விதியே. ஆனால் பதின்மூன்று வேறு சட்டங்களின்கீழ் எடுக்கப்படும் நிலங்களுக்குப் புதிய சட்டம் பொருந்தாது என்று அதன் இறுதியிலேயே ஒரு பட்டியலும் சேர்க்கப்பட்டது. 1957-ஆம் ஆண்டின் நிலக்கரிப் பகுதிகள் சட்டம் அப்பட்டியலில் ஒன்று. 2015-இல் நஷ்டஈடும் மறுகுடியமர்வும் அவற்றுக்கும் நீட்டிக்கப்பட்டன, சம்மதம் நீட்டிக்கப்படவில்லை. பணம் தர மனம் வந்தது. கேட்க மனம் வரவில்லை என்க.

இதன் விளைவைச் சத்தீஸ்கர் மாநிலத்து ஹஸ்தேவ் காட்டில் காணலாம். அங்கே கோண்டு முதலிய பழங்குடியினர் வாழ்கின்றனர். கோண்டி மொழியும் திராவிட மொழியே. காட்டின் அடியில் நிலக்கரி உள்ளது. கட்பர்ரா என்னும் ஊருக்கு 2013-இல் சமூக வன உரிமைப் பட்டா வழங்கப்பட்டது. 2016-இல் அதிகாரிகள் அதனை ரத்து செய்தனர். அவ்வுரிமையைக் காட்டி மக்கள் சுரங்க வேலையைத் தடுக்கின்றனர் என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. தடுக்கப் பயன்படாத உரிமை வேறு எதற்குப் பயன்படும் என்பது விளங்கவில்லை! பரசா என்னும் சுரங்கத்திற்காகக் கிராம சபை சம்மதித்ததாய்க் காட்டப்பட்ட தீர்மானங்கள் பொய்யாய்ப் புனையப்பட்டவை என்று ஊரார் முறையிட்டனர். 2021 அக்டோபரில் சுமார் முந்நூறு கிலோமீட்டர் நடந்தே தலைநகராகிய ராய்ப்பூரை அடைந்து நீதி கேட்டனர். அதே மாதத்தில் பரசாவுக்கு மத்திய அரசாங்கத்தின் வன அனுமதி வழங்கப்பட்டது. ஹஸ்தேவ் பகுதிச் சுரங்க ஒதுக்கீடுகளை ரத்து செய்ய வேண்டும் என்று 2022 ஜூலையில் அம்மாநிலச் சட்டசபையே ஒருமனதாய்த் தீர்மானித்தது. அதன் பின்னரும் மரங்கள் வெட்டப்பட்டன.

காகிதத்தில் எழுதிய உரிமை எவ்வளவு எளிதில் கைநழுவும் என்பதை நம்மவருக்கு வேறு சான்று காட்ட வேண்டா. செங்கற்பட்டில் ஆட்சியராயிருந்த திரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் சென்னை மாகாண அரசாங்கம் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்க ஆணையிட்டது. அந்நிலம் பிறர் கைக்கு மாறலாகாது என்னும் நிபந்தனையும் இருந்தது. அவ்வாறிருந்தும் பஞ்சமி நிலத்தின் பெரும்பகுதி எவர் கையில் போயிற்று என்பது உலகறிந்த செய்தி. 'இல்லை' என்று சொல்லும் வலிமை இல்லாதவனிடம் பத்திரம் மட்டும் இருந்து என்ன பயன்?

இங்கே அரசாங்கத்தின் கடமை யாது என்பதை ஆராய்தல் வேண்டும். அரசாங்கம் உடைமைக்காரனா, தருமகர்த்தாவா? ஒரு சிறுவனின் சொத்தைக் காக்க நியமிக்கப்பட்டவன், அச்சொத்தைத் தானே விற்று, தானே வாங்கி, விலையையும் தானே நிர்ணயித்து, வழக்கு வந்தால் தானே தீர்ப்பும் கூறுவானாகில், அவனை எவ்வாறு அழைப்போம்? நியமகிரியில் குத்தகை தருபவரும், குத்தகை பெறுபவரும், ஊர்களைத் தேர்ந்தெடுத்தவரும் ஒரே அரசாங்கத்தின் கைகளே. இவ்வாறாகும் என்று எதிர்பார்த்தே நம் அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணை பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிக்காவல் வகுத்தது. ஆந்திரத்து அனந்தகிரிப் பகுதியில் எழுந்த 'சமதா' வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம் அக்காவலுக்கு உயிர் கொடுத்தது. அட்டவணைப் பகுதியில் பழங்குடியல்லாத எந்த ஆளுக்கும் நிலம் மாறலாகாது என்னும் மாநில விதி அரசாங்கத்தையும் கட்டுப்படுத்தும் என்றும், அரசாங்கம் தன் பெயரிலுள்ள நிலத்தையும் தனியார் கம்பெனிகளுக்குச் சுரங்கக் குத்தகையாய்த் தரலாகாது என்றும் தீர்ப்பளித்தது. காவலனுக்கும் விதி உண்டு என்பதே அதன் உட்பொருள்.

2024 ஜூலையில் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, கனிவள உரிமைகள் மீது வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று எட்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் முடிவு செய்தது. மத்திய அரசுக்கு எவ்வளவு, மாநில அரசுக்கு எவ்வளவு என்னும் அவ்வழக்குப் பல்லாண்டுகள் நடந்தது. வழக்கு நியாயமானதே. ஆனால் பங்கு பிரிப்போர் இருவரும் மலையின் கீழே நின்று வாதிட்டனர்; மலைமேல் நிற்பவன் அவ்வழக்கில் ஒரு கட்சிக்காரனல்லன் என்பதையும் நாம் மறத்தலாகாது.

அவ்வாறாயின் சுரங்கமே வேண்டா என்பதா நம் முடிவு? அன்று. ஹஸ்தேவ் நிலக்கரி ராஜஸ்தான் மாநிலத்து மின்நிலையங்களுக்குச் செல்கிறது. ராஜஸ்தானத்து ஏழையின் குடிசையில் விளக்கெரிய வேண்டாமா? எரியத்தான் வேண்டும். அவ்வேழையும் நம் உடன்பிறந்தானே. ஆதலின் கேட்பதில் பிழையில்லை. கேட்பவன் மூன்றைச் செய்தல் வேண்டும். வேறு இடமோ வேறு வழியோ இல்லை என்பதை நடுநின்றோர் முன்னே மெய்ப்பித்தல் வேண்டும். இழப்பு இன்னது, ஆதாயம் இன்னது, அதில் உமக்குரிய பங்கு இன்னது என்பதை அவர்தம் மொழியிலேயே ஒளிவுமறைவின்றி உரைத்தல் வேண்டும். விடை எதுவாயினும் அதற்குக் கட்டுப்படுதல் வேண்டும். மூன்றாவது இல்லையேல் முன்னிரண்டும் நாடகமே.

ஊரார் 'ஆம்' என்றால், அந்த 'ஆம்' என்பதையும் நாம் மதித்தல் வேண்டும். மலையில் வாழும் இளைஞன் பள்ளியும் மருத்துவமனையும் மாதச் சம்பளமும் விரும்பினால், 'நீ காட்டின் குழந்தை, காட்டிலேயே இரு' என்று நகரத்தில் அமர்ந்துகொண்டு உபதேசம் செய்ய எவருக்கும் உரிமை கிடையாது. அவனைப் பேதை என்பவரும் அவனைப் புனிதன் என்பவரும் ஒரு பிழையையே செய்கின்றனர். இருவருமே அவன் வாயைத் திறக்கவிடாமல் அவனுக்காகப் பேசுகின்றனர்.

எல்லாம் செய்தபின்னும் 'இல்லை' என்றே விடை வந்தால்? அப்பொழுது அக்குறையை நாம் தாங்குதல் வேண்டும். இது கடினமான சொல் என்பதை நான் உணர்கிறேன். தீப்பற்றி எரியும் வீட்டை அணைக்க, அடுத்த வீட்டுத் தண்ணீர்க் குடத்தைக் கேளாமலே எடுக்கலாம். அதனை அறமும் பொறுக்கும், குடத்துக்குடையவனும் பொறுப்பான். ஆனால் முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு நடக்கப்போகும் சுரங்கம் எரியும் வீடன்று. திட்டமிட்டுச் செய்யும் வேலைக்குக் கேட்டுப் பெற நேரமில்லை என்பது சாக்கேயாகும்.

நாமும் இதற்குப் புறம்பானவரல்லோம். நம் அடுக்களையில் அலுமினியப் பாத்திரம் இருக்கிறது. நாம் வாசிக்கும் விளக்கின் ஒளியில் ஏதோ ஒரு காட்டின் கரி எரிகிறது. பாத்திரத்தை எறிந்துவிட வேண்டுமென்று நான் கூற வரவில்லை. அது எங்கிருந்து வந்தது, அங்குள்ளோர் கேட்கப்பட்டனரா என்று வினவும் பழக்கம் நமக்கு வேண்டும். நம் சங்கக் கூட்டங்களில் இதனைப் பேசுவோம். வாக்குக் கேட்டு வருவோரிடம் வினவுவோம். சம்மதம் என்னும் சொல் நிலக்கரிச் சட்டத்திலும் ஏறவேண்டும் என்று கோருவோம். தீண்டாமையால் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட நாம், காட்டுக்கு வெளியே தள்ளப்படுவோரைக் கண்டு வாளாவிருத்தல் தகாது.

கொடுத்ததைப் பெற்றுக் கொள்பவன் நன்றியுடையவனாகிறான். கேளாமல் எடுத்துக் கொண்டவனோ, எத்துணை விலை வைத்தாலும், என்றும் கணக்குத் தீராத கடனாளியே. நம் தேசம் இவ்விருவருள் எவராய் வாழ விரும்புகிறது என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தொட்டு வினவிச் சிந்திப்பாராக.